கீழறைப் பட்டறைக்கு ஒயரிங்: பைப்பா, கேசிங்கா, சுவருக்குள்ளா?

கிருஷ்ணகிரிப் பக்கம் பாறைச் சரிவில் மனை வாங்கியவர்களுக்குத் தெரியும், ரோட்டு மட்டத்துக்கு வீட்டைத் தூக்கிக் கட்டினால் பின்பக்கம் வீட்டுக்கு அடியில் ஒன்பது பத்தடி உயரத்தில் ஓர் அறை சும்மா கிடைக்கும். பூச்சு இருக்காது, தரைக்கு வெறும் சிமென்ட், மூன்று பக்கமும் கருங்கல் கட்டு. பழைய கதவும் மாங்காய்க் கூடையும் கிடந்த அந்த அறையைத்தான் மரவேலைக்கும் கொஞ்சம் வெல்டிங்குக்குமாகப் பட்டறை ஆக்கினேன். அதற்கு ஒயரிங் இரண்டு தடவை செய்ய வேண்டி வந்தது. ஒரே தடவையில் முடிக்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சுவருக்குள் பைப் புதைக்கிற கன்சீல்டு வேலையை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். செங்கல் சுவரில் கட்டிங் மெஷினால் காடி போட்டு, பைப் வைத்து, பூசிவிட்டால் பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும். கருங்கல்லில் காடி வெட்டிப் பாருங்கள், பிளேடுதான் தேயும். சரி, சுவர் செங்கல்தான் என்று வைத்துக்கொண்டாலும் பட்டறைக்கு அது தோதில்லை. இன்று ஓரமாக நிற்கிற டேபிள் சா (மேசையோடு சேர்ந்த ரம்ப மெஷின்) ஆறு மாதத்தில் நடு அறைக்கு வந்துவிடும், அப்போது பிளக் பாயின்ட் கூடவே நடந்து வராது.

கேசிங் கேப்பிங்தான் என் முதல் தேர்வு, அதாவது சுவரின் மேல் பிளாஸ்டிக் பட்டையை அடித்து, அதற்குள் ஒயரை வைத்து மூடி போடுவது. மலிவு, ஒரு ஹாக்சா இருந்தால் போதும், மூடியைக் கழற்றி எப்போது வேண்டுமானாலும் இன்னொரு ஒயர் சேர்க்கலாம். வீட்டு ஹாலில், வழுவழுப்பான சுவரில் இன்றும் நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் கல் கட்டுச் சுவர் மேடும் பள்ளமுமாக இருப்பதால் பட்டை எங்கும் ஒட்டி உட்காரவில்லை, அலை அலையாக நின்றது, மூடி அங்கங்கே வாய் பிளந்தது, அந்த வாய்க்குள் மரத்தூள் போய் அடைந்தது. அப்புறம் எலி. ஐப்பசி மழையில் கல் இடுக்கு வழியாகக் கசிந்த தண்ணீர் பட்டைக்குள்ளேயே ஓடி, சுவிட்ச் போர்டில் சொட்டியதைப் பார்த்த அன்றைக்கே மெயினை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் பிடுங்கினேன்.

இப்போது இருப்பது சுவருக்கு வெளியே ஓடும் பிவிசி பைப். வட்டமான பைப், இணைப்புகளில் பசை, உள்ளே தூசி போக வழியில்லை, எலிக்கும் வேலையில்லை. இதில் இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். ஒன்று, 20 மி.மீ. பைப் போதும் என்று கடையில் சொல்வார்கள், 25 மி.மீ. வாங்குங்கள், பின்னால் ஒரு லைன் கூடுதலாக இழுக்கும்போது என்னை நினைப்பீர்கள். இரண்டாவது, கல்லில் ட்ரில் இறங்காது, கல் இடுக்குச் சாந்தில் போட்டால் ஸ்க்ரூவுக்கு வைக்கிற பிளக் பிடிக்காமல் கையோடு வந்துவிடும். நான் செய்தது, பைப்பை முழுக்க மேல் தளத்தின் அடியில் ஓட்டினேன். கான்கிரீட்டில் சேடில் (பைப்பைப் பிடித்து நிறுத்தும் கிளிப்) அருமையாகப் பிடிக்கிறது. போர்டு வரும் இடத்தில் மட்டும் சுவரில் ஒரு பலகையை நிறுத்தி, அதன் மேல் பைப்பைக் கீழே இறக்கினேன். போர்டுகள் எல்லாம் தரையிலிருந்து நாலடி உயரத்தில். கீழறையில் தண்ணீர் என்றைக்காவது வரும், வராது என்று நம்பாதீர்கள்.

ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப், போடலாமே என்று மாமா கேட்டார். பலம் உண்டு, அடி தாங்கும், ஆனால் ஈரத்தில் துருப்பிடிக்கும், பைப்புக்கே முறையாக எர்த் கொடுக்க வேண்டும், வளைக்கத் தனிக் கருவி வேண்டும். என் அளவுக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

யார் செய்வது என்பதிலும் இதே போலப் போட்டிதான். சட்டப்படி பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் மாற்றுவது மாதிரியான வேலை போக, புது ஒயரிங்கை லைசென்ஸ் உள்ளவர்தான் செய்ய வேண்டும். முதல் தடவை எல்லாம் நானே செய்தேன், அது பெருமைப்பட வேண்டிய விஷயம் இல்லை. இரண்டாம் தடவை வயர்மேன் அண்ணனிடம் முதலிலேயே பேசிவிட்டு, அவர் குறித்துக் கொடுத்த இடங்களில் பைப் ஓட்டுவது, பெட்டி பொருத்துவது, துளை போடுவது என்று நாள் தின்கிற வேலையை நான் செய்தேன். ஒயர் இழுப்பது, இணைப்பது, சோதிப்பது அவர். கூலி மிச்சமானது, அதை எங்கே போட்டேன் என்பதுதான் முக்கியம்.

அவர் வந்ததும் ஒயரைப் பார்க்கவில்லை, எர்த் குழியைப் பார்த்தார். "பாறைல எர்த் நிக்காது தம்பி" என்றார். பைப் எர்த் என்றால் 2.5 மீட்டர் பைப்பை மண்ணில் நிறுத்திச் சுற்றிலும் கரியும் உப்பும் போடுவது வழக்கம். எங்கள் மனையில் மூன்றடியிலேயே பாறை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: எர்த்தின் தடை 50 ஓம் என்றால், கிரைண்டரின் உடம்பில் 230 வோல்ட் கசியும்போது ஓடுவது ஐந்து ஆம்பியர்கூட இல்லை. எம்சிபி என்பது அளவுக்கு மீறிக் கரண்ட் ஓடினால் தானாக விழுந்து லைனை அணைக்கும் சுவிட்ச். 16 ஆம்பியர் எம்சிபி அதைச் சட்டையே செய்யாது, விழாமல் அப்படியே நிற்கும். மெஷினின் உடம்பில் கரண்ட், ஈரத் தரையில் நான். முதல் ஒயரிங்கில் எம்சிபி மட்டும்தான் இருந்தது என்பதை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

மிச்சமான கூலி அதனால்தான் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபிக்குப் போனது. போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒன்றா என்று மட்டும் அது பார்க்கும், வித்தியாசம் வந்தால் கண் சிமிட்டும் நேரத்தில் அணைத்துவிடும். எர்த் சுமாராக இருந்தாலும் அதற்கு வேலை செய்யத் தெரியும். ஆனால் அதிக லோடுக்கு அது விழாது, ஆகவே எம்சிபிக்குப் பதில் இல்லை, கூடவே வேண்டும். ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் தொட்டால் அதாலும் காப்பாற்ற முடியாது. எர்த்தையும் விட்டுவிடவில்லை, வீட்டு முன்பக்கம் மண் ஆழமாக இருந்த இடத்தில் புதிதாகக் குழி எடுத்து அங்கிருந்து பச்சை ஒயரை இழுத்தோம்.

லைன் பிரிப்பதில் அவர் சொன்ன ஒன்று எனக்குத் தோன்றவே இல்லை. லைட்டுக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயரில் தனி எம்சிபி, பிளக்குக்குப் போகும் ஆர்சிசிபியில் அது சேரக்கூடாது. ஜன்னல் இல்லாத கீழறையில் மெஷின் டிரிப் ஆகி லைட்டும் சேர்ந்து அணைந்தால், இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிற பிளேடுக்குப் பக்கத்தில் இருட்டில் நிற்பீர்கள். 16 ஆம்பியர் பிளக்குகளுக்கு 2.5 ஸ்கொயர், வெல்டிங் மெஷினுக்கு 4 ஸ்கொயரில் தனி லைன். இதெல்லாம் சொந்த வேலைக்குத்தான். வெளியாள் வேலையைக் காசுக்கு எடுத்தால் வீட்டுக் கனெக்ஷனில் ஓட்டக்கூடாது, வீட்டுக்குத் தருகிற இலவச யூனிட் பட்டறைத் தொழிலுக்குக் கொடுத்ததில்லை.

இந்த மழைக்கும் சுவர் கசிந்தது, பைப் மேலே இருப்பதால் போர்டு காய்ந்தே இருந்தது. மாதம் ஒரு தடவை ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பார்க்கிறேன். கழற்றிய கேசிங் பட்டைகள் வீணாகவில்லை, தோட்டத்தில் தக்காளிச் செடிக்கு முட்டுக் கொடுத்திருக்கிறேன், அந்த வேலையை ஒழுங்காகச் செய்கின்றன.