3×3 மீட்டர் திரைச்சுவர் க்ளீன்ரூம்: டர்பன் பட்டறைக்கு ஒத்து வருமா?

க்ளீன்ரூம் என்றால் காற்றிலுள்ள தூசியை வடிகட்டிக் குறைத்து வைத்த வேலை அறை. இதில் அலுமினியச் சட்டம், நாலு பக்கமும் பிவிசி திரை, மேலே ஹெப்பா (நுண்துகள் வடிகட்டி) வைத்த ஃபேன் யூனிட் இரண்டு. கேமரா மாட்யூல் பூட்டும் சிறு பட்டறைகளைக் குறிவைத்து விற்கிறார்கள். ஐந்துக்கு மூன்று கொடுக்கலாம்.

காற்றோட்டத்தில் குறையில்லை. 610×1220 மி.மீ. யூனிட் ஒன்று, நொடிக்கு 0.45 மீட்டர் வேகத்தில், மணிக்குச் சுமார் 1,100 கன மீட்டர் தள்ளும். உயரம் 2.4 மீட்டர் என்றால் உள்ளே இருப்பது 21.6 கன மீட்டர்தான். இரண்டு யூனிட்டும் சேர்ந்தால் மணிக்கு நூறு முறை காற்று மாறிவிடும். ஆனால் பெட்டிமேல் போட்டிருக்கும் 'ஐஎஸ்ஓ 7' என்ற காற்றுத் தூய்மைத் தரம் (எண் குறையக் குறையத் தூய்மை கூடும்) ஆளில்லாத அறையின் கணக்கு. ஆள் உள்ளே வேலை செய்யும்போது 5 இடங்களில் எண்ணிக் காட்டச் சொல்லுங்கள். 0.5 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள் கன மீட்டருக்கு 3,52,000-ஐத் தாண்டக் கூடாது.

கோளாறு திரையில்தான். சாதா பிவிசி, தோள் உரசினாலே ஸ்டேடிக் (நிலைமின்சாரம்) ஏறும். ஏறிய திரை தூசியை இழுத்து வைத்துக்கொண்டு அடுத்த உரசலில் உதிர்க்கும், பக்கத்திலிருக்கும் சிப்பையும் கெடுக்கும். மணிக்கட்டில் மாட்டும் ரிஸ்ட் ஸ்ட்ராப் ஆளின் மின்னேற்றத்தைத்தான் எர்த்துக்கு இறக்கும். பிளாஸ்டிக்கில் மின்சாரம் ஓடாது, அதற்கு எர்த் வயர் கட்டியும் பயனில்லை. கோடையில் கடற்காற்றின் ஈரம் இதையெல்லாம் மறைத்துவிடும். ஜூன், ஜூலைக் குளிர்காலத்தில் பெர்க் காற்று (உள்நாட்டு மேட்டிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் வறண்ட வெப்பக்காற்று) இறங்கி ஈரப்பதம் சட்டென்று விழுகிற நாளில்தான் போர்டுகள் 'காரணமில்லாமல்' சாகும். மின்சாரம் கடத்தும் கட்டம் போட்ட ஆன்டிஸ்டேடிக் திரைக்குக் கூடுதல் காசு கொடுத்துவிடுங்கள். முடியாதென்றால் மேசைக்கு மேல், மின்னேற்றத்தைச் சமன்செய்யும் ஓர் அயனைசராவது வேண்டும்.

டொங்காட், ஸ்டாங்கர் பக்கம் கரும்புக்காடு கொளுத்தும் மாதங்களில் முன்வடிகட்டி கரியேறி அடைத்துக்கொள்ளும். அப்போது வாரம் ஒருமுறை காற்று வேகத்தை அளந்து பாருங்கள். குளிரூட்டல் இதில் கிடையாது. வெளி அறையின் ஏசிதான் கதி.

லோட் ஷெட்டிங்கில் ஃபேன் நின்றதும் திரைக்கடியில் விட்ட இடைவெளி வழியே வெளிக்காற்று ஏறும். ஃபேன்களை இன்வெர்ட்டரில் போடுங்கள். இல்லையென்றால் ட்ரேக்களை மூடிவைத்து, மின்சாரம் வந்து அரை மணி ஓடிய பிறகு, துகளை எண்ணிவிட்டுத் திறங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு அட்டைப்பெட்டியை அப்படியே உள்ளே தூக்கிப்போகிறவர்கள் உண்டு. நார் கொட்டும் சாமான் அது. பாகங்களை வெளியிலேயே ஆன்டிஸ்டேடிக் ட்ரேக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சென்சார்மேல் லென்ஸ் ஒட்டுவதற்கு இந்தக் கூடாரம் மட்டும் போதாது. உள்ளே ஐஎஸ்ஓ 5 லாமினார் பெஞ்ச் (வடிகட்டிய காற்று ஒரே சீராக வீசும் மேசை) ஒன்றும் சேர்த்தே விலை கேளுங்கள்.