ஆர்எக்ஸ் 580, ஆர்டிஎக்ஸ் 3060, ஆர்டிஎக்ஸ் 3050: ஹட்டனில் மூன்று கிராபிக்ஸ் கார்டுகளின் கணக்கு

ஹட்டன் நகரில் கல்யாண வீடுகளையும் பூப்புனித நீராட்டு விழாக்களையும் வீடியோ எடுத்து, தொகுத்துக் கொடுப்பது என் தொழில். கடந்த மூன்று ஆண்டுகளில் மூன்று கிராபிக்ஸ் கார்டுகளோடு பழகியிருக்கிறேன். 2017இல் வெளிவந்த ஏஎம்டி ஆர்எக்ஸ் 580ஐயும் 2021இல் வெளிவந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 3060ஐயும் பாவித்த நிலையில் வாங்கினேன். 2024இல் வெளிவந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050ஐத் தலவாக்கலைக்கு அருகே தோட்டத்தில் இருக்கும் என் சித்தியின் மகனுக்காகப் புதிதாக வாங்கினோம். கொடுத்த காசுக்கு எந்தக் கார்ட் வேலை செய்தது என்று பலரும் கேட்கிறார்கள். வேகத்தை மட்டும் வைத்துப் பதில் சொன்னால், மலையகத்தில் அது பாதிப் பதிலாகவே இருக்கும். பவர் சப்ளை, மின்கட்டணம், பழுதானால் கொழும்புக்குக் கொண்டுபோய் வரும் செலவு ஆகியவையும் சேர்ந்ததுதான் இங்கே ஒரு கார்டின் விலை.

ஆர்எக்ஸ் 580ஐ 2023இன் தொடக்கத்தில் 28,000 ரூபாவுக்கு வாங்கினேன். 2022 செப்டெம்பரில் எதேரியம் என்ற இணைய நாணயத்தைக் கிராபிக்ஸ் கார்டுகளின் கணக்கிடும் திறனைக் கொண்டு ஈட்டும் (மைனிங்) முறை முடிவுக்கு வந்ததால், அதுவரை இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்த கார்டுகள் பாவித்த பொருட்களின் சந்தையில் வந்து குவிந்திருந்தன. அதே ஆண்டில் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியிருந்தது. புதிய கார்டின் விலையைக் கேட்கவே மனம் வராத காலம் அது. 2017இல் 229 டொலருக்கு வெளியான 8 ஜிபி கார்ட் 28,000 ரூபாவுக்குக் கிடைக்கிறது என்றதும், அதற்கு மேல் ஒன்றும் விசாரிக்காமல் வாங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து கணினியில் பொருத்தி, ஜிபியு-ஸெட் என்ற சிறிய மென்பொருளைத் திறந்தபோதுதான் விடயம் தெரிந்தது. முறையான ஆர்எக்ஸ் 580இல் 2304 ஷேடர்கள், அதாவது படத்தைக் கணக்கிடும் சிறு அலகுகள், இருக்க வேண்டும். என் கார்டில் 2048 மட்டுமே இருந்தன. சீனச் சந்தைக்காக அதே 580 என்ற பெயரில் வெளியிடப்பட்ட வகை அது. 2048 என்பது அதற்கு ஒரு படி கீழே உள்ள ஆர்எக்ஸ் 570இன் எண்ணிக்கை. கடைக்காரரிடம் தொலைபேசியில் கேட்டபோது, “அதுவும் 580தான் தம்பி, பெட்டியைப் பாருங்கள்” என்றார். பெட்டியில் அப்படித்தான் இருந்தது. ஆகவே பாவித்த 580 வாங்குபவர்கள் பெட்டியையும் மேலே ஒட்டிய ஸ்டிக்கரையும் நம்பாமல், காசைக் கொடுக்கும் முன் ஜிபியு-ஸெட்டில் அந்த ஒரு எண்ணைப் பார்த்துவிட வேண்டும்.

சில வாரங்களில் விசிறிச் சத்தம் கூடியதால் கார்டைக் கழற்றிப் பார்த்தேன். பின்புறத்தில் ஸ்பிரிங் வைத்த நான்கு திருகாணிகளையும் எடுத்து சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்கைத் தூக்கியபோது, சிப்பின் மேலிருந்த சூடு கடத்தும் பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பைப் போல உதிர்ந்தது. நினைவகச் சிப்களைச் சுற்றி, தெர்மல் பேட்களிலிருந்து கசிந்த எண்ணெய் பளபளத்தது. இரண்டு விசிறிகளில் ஒன்று விரலால் சுழற்றும்போதே ஆடியது. நீண்ட காலம் ஓய்வில்லாமல் சூட்டில் ஓடிய கார்டுகளில் பொதுவாகக் காணும் அடையாளங்கள் இவை. துடைத்துப் புதிய பேஸ்ட் பூசி, பேட்களையும் மாற்றிய பிறகு, வேலையின்போது 84 பாகையில் நின்ற வெப்பம் 71 பாகைக்கு இறங்கியது. ஹட்டனின் குளிரும் அதற்குத் துணைசெய்திருக்கும். இதே கார்ட் கொழும்பின் வெக்கையில் இன்னும் சத்தமாகவே ஓடியிருக்கும்.

அந்தக் கார்ட் சாதாரண 1080பி தொகுப்பைத் தடையின்றிச் செய்தது என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. குறை தெரிந்தது வெளியீட்டில்தான். வீடியோவைச் சுருக்கிக் கோப்பாக்கும் பகுதியான, கார்டிலுள்ள என்கோடரைக் கொண்டு எச்.264 என்ற வழக்கமான வடிவில் வெளியிட்டால், வரவேற்பு மண்டபத்தின் வண்ண விளக்குகள் மாறும் காட்சிகளில் மணப்பெண்ணின் பட்டுச்சேலைச் சரிகை சதுரம் சதுரமாக உடைந்து தெரிந்தது. வீடியோவுக்குக் காசு கொடுப்பவர் முதலில் பார்ப்பதே அந்தச் சேலையைத்தான். அதனால் கார்டை விட்டுவிட்டு புரொசெசரைக் கொண்டே வெளியிட வேண்டியிருந்தது. இரண்டு மணி நேர வீடியோ ஒன்றை வெளியிட ஓர் இரவு போனது. பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் தலைப்பு அனிமேஷன் செய்யலாம் என்ற எண்ணமும் கைகூடவில்லை. 2021 டிசம்பரில் வந்த பிளெண்டர் 3.0இலிருந்து, ஏஎம்டி கார்டுகளைக் கணக்கிட வைத்த ஓப்பன்சிஎல் என்ற முறைக்கான ஆதரவு நீக்கப்பட்டுவிட்டது. அதற்குப் பதிலாக வந்த முறை 580இன் தலைமுறையைச் சேர்ந்த கார்டுகளை ஏற்பதில்லை. பிளெண்டரில் படத்தை உருவாக்கும் சைக்கிள்ஸ் ரெண்டரின் அமைப்புப் பக்கத்தில் கார்டின் பெயரே வராது.

கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரின் ஆதரவும் இதே திசையில்தான் போகிறது. 2023இலேயே ஏஎம்டி இந்தத் தலைமுறையைத் தனிக் கிளைக்கு மாற்றி, புதிய வசதிகளை நிறுத்திக்கொண்டது. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060, 1070 போன்ற கார்டுகளுக்குப் புதிய கணினி விளையாட்டுகளுக்கான டிரைவர்கள் 2025 ஒக்டோபரோடு முடிந்துவிட்டன. 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே வரும். விளையாட்டுக்காக வாங்கும் பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும். 2025இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் போன்ற விளையாட்டுகளுக்கு, ஒளி போகும் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங் வன்பொருள் கட்டாயம் என்பதால், 580 வைத்திருப்பவர் காட்சித் தரத்தை எவ்வளவு குறைத்தாலும் பயனில்லை.

சித்தியின் மகனான தம்பியின் கதை வேறு. அவனிடம் இருந்தது அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டு வரும் டெல் ஒப்டிபிளெக்ஸ் 9020. நம் பகுதியில் உயர்தரம் படிக்கும் பல பிள்ளைகளின் முதல் கணினி இப்படிப்பட்டதுதான். அவன் என்னிடம் கேட்டதும் ஒரு 580தான். ஆனால் அந்தக் கணினியின் பவர் சப்ளை 290 வாட் மட்டுமே கொண்டது. கிராபிக்ஸ் கார்டுக்குத் தேவையான தனி மின் இணைப்பு அதில் இல்லை. மதர்போர்டின் மின் இணைப்பும் டெல்லின் சொந்த வடிவில் இருப்பதால், சாதாரண பவர் சப்ளை ஒன்றை வாங்கினாலும் அடப்டர் இல்லாமல் பொருந்தாது. 185 வாட் கேட்கும் 580ஐ அதில் மாட்ட நினைப்பவர், கார்டின் விலையில் பாதியை மற்றச் சாமான்களுக்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

அதனால்தான் 68,000 ரூபா கொடுத்து 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050 வாங்கினோம். 70 வாட் மட்டுமே எடுப்பதால் பெரும்பாலான மாதிரிகளுக்குத் தனி மின் இணைப்பு தேவையில்லை. மதர்போர்டின் ஸ்லொட்டே 75 வாட் வரை கொடுக்கும். பெயர் விடயத்தில் இங்கும் கவனம் வேண்டும். 2022இல் வந்த 8 ஜிபி 3050 இதைவிட வேகமானது, ஆனால் 130 வாட் எடுப்பது; இரண்டும் ஒரே பெயரில் அலுமாரியில் அடுத்தடுத்து இருக்கும். இந்த 6 ஜிபி கார்டிலும் முறையான 580இல் உள்ள அதே 2304 என்ற எண்ணிக்கைதான் இருக்கிறது. ஆனால் இரண்டு நிறுவனங்களின் வடிவமைப்பும் வேறு என்பதால், அந்த எண்ணை வைத்து இரண்டையும் ஒப்பிடக் கூடாது. விளையாட்டு வேகத்தில் 3050 சற்றே முன்னால் நிற்கிறது. அது பெரிய பாய்ச்சல் அல்ல. வித்தியாசம் இருப்பது மற்ற வசதிகளில். வெளியீட்டில் சேலைச் சரிகை உடையவில்லை, பிளெண்டர் கார்டை உடனே ஏற்றுக்கொண்டது, டிரைவர்கள் இன்னும் வருகின்றன.

மின்கட்டணக் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். நாளுக்கு 5 மணி நேரமாக மாதத்தில் 26 நாட்கள் கார்ட் முழு வேகத்தில் ஓடினால், 580க்கு 24 அலகு, 3050க்கு 9 அலகு. வித்தியாசம் 15 அலகுதானே என்று நகரத்தில் இருப்பவர் நினைக்கலாம். ஆனால் இலங்கையின் வீட்டு மின்கட்டண முறையில் மாதப் பாவனை 60 அலகைத் தாண்டிவிட்டால், தாண்டிய அலகுகளுக்கு மட்டுமல்ல, முதல் 60 அலகுகளுக்கும் கூடிய விலை கணக்கிடப்படுகிறது; நிலையான கட்டணமும் ஏறுகிறது. இரண்டு பல்பும் ஒரு தொலைக்காட்சியும் அரிசி குக்கரும் கொண்ட சித்தி வீட்டில் மாதம் 45 அலகு அளவில் போகிறது. 580 வந்திருந்தால் அந்த வீடு எல்லையைத் தாண்டியிருக்கும்; 3050 வந்ததால் தாண்டவில்லை. வீட்டுச் செலவை ரூபா ரூபாவாக எண்ணும் சித்திக்கு, கார்டைப் பற்றிய மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியமாக இருந்தது.

அதே கணினிக்கு ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, ஆர்எக்ஸ் 6400 ஆகியவற்றையும் சிலர் சொன்னார்கள். கார்டும் மதர்போர்டும் தகவல் பரிமாறும் பிசிஐஈ தடங்களில் நான்கை மட்டுமே இரண்டும் பயன்படுத்துவதால், பழைய மூன்றாம் தலைமுறை பிசிஐஈ கொண்ட மதர்போர்டில் வேகம் குறைகிறது. வீடியோ என்கோடரும் இல்லை. வீடியோ தொகுப்பவர் இவற்றைத் தொட வேண்டாம்.

என் சொந்த வேலைக்கு வந்தால், 2024இன் இறுதியில் பாவித்த 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060ஐ 78,000 ரூபாவுக்கு வாங்கினேன். இம்முறை அவசரப்படவில்லை. கண்டியில் விற்பவரின் வீட்டுக்கே போய், அரை மணி நேரம் கார்டை முழு வேகத்தில் ஓடவைத்து, வெப்பத்தையும் விசிறிச் சத்தத்தையும் பார்த்து, திருகாணிகளில் ஸ்குரூ டிரைவர் பட்ட தடம் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்த பிறகே காசைக் கொடுத்தேன். என் பழைய பவர் சப்ளையை நம்பாமல் 550 வாட் பவர் சப்ளை ஒன்றைப் புதிதாக 17,000 ரூபாவுக்கு எடுத்தேன். ஆகவே 3060 எனக்கு 95,000 ரூபா.

அந்தக் காசை நான் கொடுத்தது 12 ஜிபி நினைவகத்துக்காக. 4கே காட்சிகளை டாவின்சி ரிசோல்வ் என்ற தொகுப்பு மென்பொருளில் நிறம் திருத்தி, மேலே எஃபெக்ட்களை அடுக்கும்போது, கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டது என்ற அறிவிப்பு வந்து பிரிவியூ கறுத்துப்போவது முன்பு வழக்கமாக இருந்தது. அதைத் தவிர்க்கக் காட்சியைப் பாதித் தரத்துக்கு இறக்கி வேலை செய்வேன். தோல் நிறத்தைச் சரிபார்க்க மீண்டும் ஏற்றுவேன். 3060 வந்த நாளிலிருந்து அந்த அறிவிப்பை நான் பார்க்கவில்லை. ஐந்து நிமிட ஹைலைட்ஸ் வீடியோ ஒன்றுக்கு முன்பு 11 நிமிடங்கள் எடுத்த வெளியீடு இப்போது நான்கு நிமிடங்களில் முடிகிறது. 170 வாட் எடுத்தாலும் ஓடும் நேரம் குறைந்துவிட்டதால், கடையின் மின்கட்டணத்தில் கூடுதலாக ஒன்றும் தெரியவில்லை.

விளையாட்டு மட்டுமே நோக்கம் என்றால் ஆர்எக்ஸ் 6600ஐயும் பார்க்கலாம். 132 வாட்டில் 580ஐவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகம் தருகிறது. பாவித்த சந்தையில் 3060ஐவிட மலிவாகவும் கிடைக்கிறது. 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 இன்னும் வேகமானது, 115 வாட் மட்டுமே எடுப்பது; ஆனால் 8 ஜிபி நினைவகம் என் வேலைக்குப் போதாது. இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபியோடு 249 டொலருக்கு வெளியானது என்றாலும், கார்டின் நினைவகம் முழுவதையும் புரொசெசர் ஒரேயடியாக அணுக விடும் ரீசைசபிள் பார் என்ற வசதி மதர்போர்டில் இல்லாவிட்டால் அதன் வேகம் பெரிதும் குறைந்துவிடும்; பத்தாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் கணினி வைத்திருப்பவர்களுக்கு அது பொருந்தாது. புதிய ஆர்டிஎக்ஸ் 5060ஐ ஒரே ஒரு காரணத்துக்காக என் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்வேன். நிற விவரத்தைக் கூடுதலாகச் சேமிக்கும் 10-பிட் 4:2:2 முறையில் பதிவு செய்யும் கெமராக்களின் கோப்புகளைக் கார்டே நேரடியாகத் திறக்கும் வசதி, என்விடியாவில் இந்த 50 வரிசையில்தான் முதலில் வந்தது. அப்படிப்பட்ட கெமரா இல்லாதவருக்கு அந்த விலை தேவையில்லை.

உத்தரவாதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம்பியின் 3050க்கு மூன்று ஆண்டு உத்தரவாதம் உண்டு. ஆனால் பழுதானால் கொழும்புக்கு நான்கைந்து மணி நேரப் பயணம், ஒரு நாள் வேலை நட்டம், சில வாரக் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பு மாணவனுக்குத் தாங்கும். கல்யாண மாதத்தில் எனக்குத் தாங்காது. ஆகவே பாவித்த கார்ட் வாங்கிய நான், உத்தரவாதத்துக்காகக் கொடுக்காமல் மிச்சப்பட்ட காசில், மின்சாரம் போனாலும் சிறிது நேரம் தாங்கும் யூபிஎஸ் ஒன்று வாங்கினேன். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடி தொடங்கியதும் பிளக்கைக் கழற்றிவிடுகிறோம். மழைக்காலத்தில் வாரக்கணக்கில் கணினியை மூடி வைப்பதும் நல்லதல்ல. கெமரா லென்ஸில் பூஞ்சணம் பிடிக்கும் அதே ஈரம்தான் கார்டின் உலோகப் பகுதிகளிலும் இறங்குகிறது. தினமும் சிறிது நேரம் ஓடினால் அந்தச் சூட்டிலேயே உலர்ந்துவிடும்.

பழைய 580ஐக் கடந்த மாதம் கொட்டகலையில் ஒரு மாணவனுக்கு 12,000 ரூபாவுக்குக் கொடுத்தேன். பழைய விளையாட்டுகளுக்கும் 1080பி தொகுப்புக்கும் அவனுக்கு அது இன்னும் சில காலம் உதவும், அதற்கு மேல் கேட்பது அந்தக் கார்டுக்குத் தகாது. பெட்டியில் இருந்த 580 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 2048 என்று மார்க்கரால் எழுதி, அதன் அர்த்தத்தையும் அவனுக்கு விளக்கிய பிறகே காசை வாங்கினேன்.