தங்கசாலைத் தெருவில் ஒரு சிட்டம் நூலும் 4 மில்லிமீட்டர் ஊசியும்

நான் ரிட்டையர்டு ஃபிட்டர். பெரம்பூர் ரயில்வே ஒர்க்ஷாப்பில் முப்பத்து நான்கு வருஷம் இரும்போடு மல்லுக்கட்டியவன். நூலில் பின்னல் போடும் கொக்கி ஊசி, அந்தக் குரோஷே ஊசியைக் கையில் எடுத்தது போன ஆடி மாசம்தான். எட்டு மாதப் பேத்தியைக் குளிப்பாட்டும்போது தேய்க்க மெத்தென்று ஒரு துணி வேண்டும், வீட்டிலேயே பின்னலாமாம் என்று மருமகள் ஒரு வீடியோ காட்டினாள். "இது என்னம்மா பெரிய வேலை, நான் போட்டுத் தர்றேன்" என்று வாயை விட்டுவிட்டேன். வீட்டுக்காரி ஒன்றுதான் கேட்டாள்: "பழைய வேட்டியைக் கிழிச்சா நாலு துணி ஆச்சு. இதுக்கு ஒரு செலவா?" நியாயமான கேள்வி. பதில் இன்றுவரை என்னிடம் இல்லை.

முதல் செலவு வீண் செலவு. ஆன்லைனில் பன்னிரண்டு ஊசி அடங்கிய ஒரு செட், 349 ரூபாய். வந்ததும் பழக்கதோஷத்தில், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை அளக்கும் வெர்னியரை எடுத்து அளந்தேன். 4 என்று குத்தியிருந்த ஊசி 3.7 இருந்தது. 5 என்று இருந்தது 4.8. கொக்கியின் உள்பக்கம் பிசிறு வேறு. நூலை இழுக்கும்போதெல்லாம் ஒரு இழை அதில் மாட்டிப் பிய்ந்தது. ஜீரோ நம்பர் எமரித் தாளைச் சுருட்டித் தேய்த்துச் சரிசெய்தேன். எல்லார் வீட்டிலும் எமரித் தாளா இருக்கும்? பன்னிரண்டில் எனக்குத் தேவைப்பட்டது இரண்டே இரண்டு. மீதிப் பத்தும் இப்போது ஸ்க்ரூ டிரைவர் டப்பாவில் கிடக்கின்றன.

சரி, கடைக்கே போவோம் என்று கிளம்பினேன். சென்னை வள்ளலார் நகரில் இறங்கி, மணிக்கூண்டைத் தாண்டித் தங்கசாலைத் தெருவில் தெற்கே நடந்தால், சௌகார்பேட்டைக்குள் பிரியும் சந்து ஒன்றில் இருக்கிறது நான் சொல்லும் நூல் கடை. பெயர்ப்பலகையைப் பட்டன் அட்டைகளும் லேஸ் சுருள்களும் மறைத்துவிட்டதால் பெயரைப் படிக்க முடியவில்லை. ரசீதும் துண்டுத்தாள்தான். ஆறடி அகலம் இருந்தால் அதிகம். இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் தெருவில் சைக்கிள் ரிக்‌ஷாவுக்கு வழிவிட்டபடி நிற்க வேண்டும்.

கல்லாவில் ஒரு பெரியவர், நூல் எடுத்துக் கொடுக்க ஒரு அம்மா. நான் நேராகப் பளபளவென்று இருந்த நூலில் கை வைத்தேன். அந்த அம்மா தட்டிவிடாத குறைதான். "அது தோரணம், டேபிள் மேட்டுக்குப் போறது சார். மூஞ்சி துடைக்க இந்த மங்கலா இருக்கு பாருங்க, இதுதான்." அந்தப் பளபளப்பு, பருத்தி நூலை இழுத்துப் பிடித்தபடி காஸ்டிக் சோடாவில் ஊறவைப்பதால் வருவது. மெர்சரைஸ்டு என்பார்கள். வலுவும் மினுமினுப்பும் கிடைக்கும், ஆனால் தொட்டால் வழவழவென்று இருக்கும், மெத்தென்று இருக்காது. மங்கல் நூலைத் தொட்டதும் எனக்கு ஒர்க்ஷாப்பில் கை துடைக்கும் காட்டன் வேஸ்ட்தான் ஞாபகம் வந்தது. எவ்வளவு எண்ணெய் குடிக்கும் அது! இரண்டிலும் சின்னத் துண்டு வாங்கிவந்து வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். மங்கல் நூலில் விட்ட சொட்டு உடனே காணாமல் போனது. பளபளப்பில் கொஞ்ச நேரம் முத்தாக உட்கார்ந்திருந்தது.

சுத்தப் பருத்திதானா என்று கேட்டேன். பெரியவர் பேசவே இல்லை. ஒரு விரல்நீளம் வெட்டித் தீக்குச்சியைக் காட்டினார். காகிதம் எரிகிற வாசனை, நசுக்கினால் மாவாகும் சாம்பல். பக்கத்திலிருந்த அக்ரிலிக் நூலையும் கொளுத்தினார். அது உருகிக் கறுப்பு மணியாக இறுகியது. அக்ரிலிக்கில் பின்னினால் தண்ணீரும் குடிக்காது, சுடுபாத்திரம் பிடித்தால் உருகவும் செய்யும். இந்தக் கடைக்கு மறுபடி போகலாம் என்று எனக்குத் தோன்றியது அந்தத் தீக்குச்சியால்தான்.

விலை: எட்டு பிளை (நூலின் கனத்தைச் சொல்லும் கணக்கு) மங்கல் பருத்தி, 100 கிராம் சிட்டம், அதாவது வளையமாகச் சுற்றிக் கட்டிய நூல், 140 ரூபாய். 4 மில்லிமீட்டர் அலுமினிய ஊசி தனியாக 60 ரூபாய். வெர்னியரைப் பையில் கொண்டுபோயிருந்தேன். அளந்தேன், 4.0. பெரியவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கருநீலம் கேட்டதற்கு அந்த அம்மா, "மொதல் தபா இருட்டுக் கலர் வேணாம் சார், கண்ணி தெரியாது" என்று வெளிர்மஞ்சளைக் கொடுத்தார். என் வயசுக் கண்ணுக்கு அது பெரிய உபகாரம்.

குறை என்று பார்த்தால், முதல் குறை சிட்டம். உருண்டைக் கண்டாகச் சுற்றித் தர மாட்டார்கள். அப்படியே பின்னவும் முடியாது, நாமே சுற்றிக்கொள்ள வேண்டும். நான் என்ன செய்தேன்? கட்டியிருந்த நூலை வெட்டி, ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். பத்து நிமிஷத்தில் காக்காய்க் கூடு. அவிழ்க்க இரண்டு மணி நேரம். அப்பா பின்னி மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் இருந்தவர். 1996-ல் மூடிய அந்த மில்லின் சங்கு சத்தத்தில் வளர்ந்தவன் நான். அவர் இருந்திருந்தால் சிரித்தே செத்திருப்பார். அடுத்த சிட்டத்துக்கு முக்காலியைக் கவிழ்த்து, கால்களைச் சுற்றி மாட்டிவிட்டு, அதன் பிறகுதான் கட்டியிருந்த நூலை வெட்டினேன். கால் மணி நேரத்தில் கண்டு ரெடி.

இரண்டாவது குறை கலர். மூன்று வாரம் கழித்து அதே மஞ்சள் கேட்டேன். கொடுத்ததும் மஞ்சள்தான், ஆனால் வேறு லாட், அதாவது வேறு தடவை சாயம் போட்டது. பக்கத்தில் வைத்தால் ஒன்று எலுமிச்சை, இன்னொன்று பழுத்த எலுமிச்சை. சிட்டத்தில் லாட் நம்பர் எதுவும் கிடையாது. பிரித்ததைத் திருப்பி வாங்கவும் மாட்டார்கள். ஆகவே தேவையானதை ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள். ஒரு துணிக்கு ஏறக்குறைய 40 கிராம் போகிறது, ஒரு சிட்டத்தில் இரண்டு தேறும்.

பின்னுவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நூல் நன்றாக இருந்தும் என் முதல் துணி நன்றாக வரவில்லை. அடிவரிசையாக 28 சங்கிலி வளையம் போட்டு, ஊசிக்குப் பக்கத்துச் சங்கிலியை விட்டுவிட்டு, மீதி ஒவ்வொன்றிலும் ஒரு குட்டைக் கண்ணி, அதுதான் சிங்கிள் குரோஷே, ஆக 27. திருப்பும்போது ஒரு சங்கிலி, மறுபடி 27. இவ்வளவுதான் வேலை. நான் பல வரிசைகளில் கடைசிக் கண்ணியைக் கோட்டைவிட்டேன். பதினைந்தாவது வரிசையில் எண்ணினால் 19. சதுரம் கேட்டால் சரிவகம் வந்தது. அதற்கப்புறம் வரிசையின் முதல் கண்ணியில் ஒரு ஊக்கு மாட்டிவைத்தேன். திரும்பி வரும்போது ஊக்கு இருக்கும் கண்ணிதான் கடைசி, அதை விடக்கூடாது. சங்கிலியை இறுக்கிப் போட்டதும் தப்பு. அடுத்த வரிசையில் ஊசி நுழையவே மறுத்தது. சங்கிலிக்கு மட்டும் 4.5 ஊசி எடுத்தேன், சரியானது.

அந்த ஆன்லைன் செட்டோடு வந்த குறிப்புத்தாள் இன்னொரு குழப்பம். அமெரிக்காக்காரன் சிங்கிள் குரோஷே என்பதை பிரிட்டிஷ்காரன் டபுள் குரோஷே என்கிறான். தாள் ஒரு கணக்கு, வீடியோ ஒரு கணக்கு. எனக்கு இது புதுசில்லை. பிரிட்டிஷ் அளவான விட்வொர்த் அரை அங்குல போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை, அமெரிக்க அளவான யூஎன்சி போல்ட்டில் 13. பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும், நட்டைப் போட்டால் இரண்டு சுற்றில் மாட்டிக்கொள்ளும். குறிப்பு எந்த ஊர்க் கணக்கு என்று பார்த்துவிட்டு ஊசியைத் தொடுங்கள்.

முப்பது வரிசை முடிந்தபோது ஏழரை அங்குலச் சதுரம். துவைத்ததும் கால் அங்குலம் சுருங்கியது, ஆனால் பஞ்சுபோல ஆகிவிட்டது. மஞ்சள் சாயம் போகவில்லை. அதே கடையில் வாங்கிய சிவப்பு முதல் இரண்டு அலசலுக்குப் பக்கெட்டையே ரோஸ்மில்க் ஆக்கியது, அதைக் குழந்தைக்குக் கொடுக்கவில்லை. கைக்குழந்தைக்கு ஓட்டை ஓட்டையான டிசைன் வேண்டாம், விரல் மாட்டும். இந்த நெருக்கப் பின்னலே போதும்.

சின்ன வயதில் எங்களுக்குப் பீர்க்கங்கூடுதான், முதுகு எரிய எரியத் தேய்ப்பார்கள். பேத்திக்கு அந்தக் கஷ்டம் இல்லை. தேய்க்கும் நேரத்தைவிட அவள் துணியின் மூலையைச் சப்பும் நேரம்தான் அதிகம். சரிவகத்தை வீட்டுக்காரி எடுத்துக்கொண்டாள், தோசைக்கல் பிடிக்க. வேட்டிக் கேள்வியை இப்போது கேட்பதில்லை. "இன்னொண்ணு போடுங்க, ரெண்டு கைக்கும் வேணும்" என்கிறாள்.

கடை ஞாயிற்றுக்கிழமை கிடையாது. மத்தியானத்துக்குள் போய்விடுங்கள், சாயங்காலம் முறுக்கு சாண்ட்விச் கூட்டத்தில் தெருவில் நடக்க முடியாது. வெளிர்மஞ்சளில் ஒரே லாட் சிட்டம் இன்னும் இரண்டு இருக்கிறது, சனிக்கிழமை வரை எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். அதை மட்டும் கேட்காதீர்கள்.