போர்ட் செய்யும்போதே வெர்ஷனையும் ஏற்றலாமா?

2014 நடுவில் எங்கள் கையில் ஓர் ஐபோன் ஆட்டம் இருந்தது. புள்ளிகளை விரலால் இழுத்து, கோடு போட்டு இணைக்கிற சின்னப் புதிர். கோகோஸ்2டி-ஐபோன் என்ற ஆட்ட எஞ்சினின் (ஆட்டம் எழுத உதவும் அடித்தள மென்பொருளின்) 2-ஆம் வெர்ஷனில், ஆப்ஜெக்டிவ்-சி மொழியில் எழுதியது. ஆண்ட்ராய்டுக்கும் வேண்டும் என்று கேட்பவர்கள் கூடிக்கொண்டே போனதால், சி பிளஸ் பிளஸில் இயங்கும் கோகோஸ்2டி-எக்ஸுக்கு அதைக் கொண்டுபோக, அதாவது போர்ட் செய்ய, நானும் நண்பரும் முடிவெடுத்தோம். அந்த ஏப்ரலில்தான் அதன் 3.0 வந்திருந்தது. பலரும் பயன்படுத்தித் தேறிய 2.2-இல் போர்ட் செய்வதா? எப்படியும் எல்லா வரியையும் தொடப்போகிறோமே என்று நேராக 3-க்கே போய்விடுவதா?

நாங்கள் இரண்டையும் செய்துபார்த்தோம். முதலில் 3-இல் தொடங்கினோம், மூன்று வாரத்தில் நிறுத்தினோம், 2.2-க்குத் திரும்பி அதில் முடித்து வெளியிட்டோம். அதனால் என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய வெர்ஷனிலேயே போர்ட்டை முடித்து, ஆட்டம் சரியாக ஓடுவதைப் பார்த்துவிட்டு, அப்புறம் வெர்ஷனை ஏற்றுங்கள்.

புதியதில் வசதி அதிகம், பழையதில் மன்றங்களில் பதில் அதிகம் கிடைக்கும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதைத் தாண்டி இந்தக் குடும்பத்துக்கென்று ஒரு தனிக் காரணம் உண்டு. கோகோஸ்2டி 2008-இல் அர்ஜென்டினாவில் பைத்தான் மொழியில் பிறந்தது. அதே ஆண்டில் ஐபோனுக்காக ஆப்ஜெக்டிவ்-சியில் மறுபடி எழுதப்பட்டது. 2010-இல் சீனாவில் அதைப் பார்த்தே சி பிளஸ் பிளஸில் எழுதியதுதான் கோகோஸ்2டி-எக்ஸ். இரண்டாம் வெர்ஷன் வரை அது ஐபோன் எஞ்சினின் நிழலாகவே இருந்தது. கிளாஸ் பெயர்களுக்கு முன்னால் அதே 'சிசி'. ரீடெய்ன், ரிலீஸ், ஆட்டோரிலீஸ் என்று நினைவகத்தைக் கையாளும் முறைகூட அதேதான். ஐபோன் கோடை (நிரலை) இடப்பக்கம் திறந்து வைத்துக்கொண்டு வலப்பக்கம் வரிக்கு வரி எழுதலாம். சதுர அடைப்புக்குறி போய் அம்புக்குறி வரும், அவ்வளவுதான்.

3 அந்த நிழலிலிருந்து வெளியே வந்தது. 'சிசி' முன்னொட்டு போனது. அர்ரேக்கும் டிக்ஷனரிக்கும் பதிலாக வெக்டரும் மேப்பும் வந்தன. தொடுகையை வாங்கும் முறை முழுக்க மாறியது. வரைகிற பகுதியே புதிதாக எழுதப்பட்டது. இதில் ஒன்றை 3-க்கு ஆதரவாகச் சொல்லியே ஆக வேண்டும். ஐபோனில் நாங்கள் பிளாக்குகளை (இருந்த இடத்திலேயே எழுதி, பிறகு ஓட்டக் கொடுக்கும் கோட் துண்டுகளை) நிறையப் பயன்படுத்தியிருந்தோம். 3-இல் அதே வேலையைச் செய்யும் லாம்டா இருப்பதால் அவை அப்படியே உட்கார்ந்தன. 2.2-இல் ஒவ்வொன்றுக்கும் தனி ஃபங்ஷன் எழுதி, எதைக் கூப்பிட வேண்டும் என்று காட்டும் செலக்டர் கொடுத்து, கூட ஒரு மதிப்பை அனுப்ப வேண்டுமென்றால் அதற்கும் ஒரு வழி தேட வேண்டியிருந்தது. அந்த ஒரு வேலையில் 3 பல மடங்கு சுகம்.

சரி, அப்படியிருந்தும் ஏன் திரும்பினோம்? ஒரு கோட்டால்.

விரலை இழுக்கும்போது புள்ளியிலிருந்து புள்ளிக்குக் கோடு வர வேண்டும். அதுதான் ஆட்டமே. 3-இல் எழுதி ஆண்ட்ராய்டு போனில் ஓட்டினால் கோடு வரவில்லை. புள்ளி வருகிறது, தொட்டால் சத்தம் வருகிறது, இரண்டு புள்ளி இணைந்தால் மதிப்பெண்ணும் கூடுகிறது. கோடு மட்டும் இல்லை. எங்கள் முன்னால் மூன்று சந்தேகங்கள். ஆப்ஜெக்டிவ்-சியிலிருந்து மாற்றும்போது ஆயத்தொலைவுக் கணக்கில் நாங்கள் தவறு செய்திருக்கலாம். அந்தப் போனின் கிராஃபிக்ஸ் சிப், நாங்கள் கேட்ட தடிமனில் கோடு போட மறுக்கலாம். போன்களில் படம் வரைவதற்கான ஓப்பன்ஜிஎல் இஎஸ் தரம் எல்லாச் சிப்புக்கும் கட்டாயமாக்குவது ஒரு பிக்சல் தடிமனை மட்டும்தான். அல்லது 3-இன் புதிய வரைமுறை ஏதாவது செய்திருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் நியாயம் இருந்தது. ஆயத்தொலைவை அச்சிட்டுப் பார்த்தோம், வேறு போன் கடன் வாங்கிப் பார்த்தோம், தடிமனைக் குறைத்துப் பார்த்தோம். ஐந்து நாள் போனது.

காரணம் மூன்றாவதுதான். 2.2-இல் ஒரு நோடின் (திரையில் வைக்கிற ஒரு பொருளின்) டிரா ஃபங்ஷனுக்குள் கோடு போடச் சொன்னால் அந்த நொடியே போடும். 3-இல் ஸ்ப்ரைட்டுகள் (திரையில் வைக்கிற படங்கள்) எல்லாம் வரைகிற கட்டளைகளாக ஒரு வரிசையில் சேர்ந்து, கடைசியில் மொத்தமாகத் திரைக்கு வரும். நேரடியாக ஓப்பன்ஜிஎல்லைக் கூப்பிட்ட எங்கள் கோடு முந்திக்கொண்டு வரையப்பட்டது. அதன் மேல் பின்னணிப் படம் வந்து மூடிவிட்டது. கோடு ஒவ்வொரு ஃபிரேமிலும் இருந்தது, எங்கள் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. கஸ்டம் கமாண்ட் என்பதற்குள் அதைப் போட்டுக் கொடுத்ததும் மேலே வந்தது.

தீர்வு பத்து வரிதான், ஐந்து நாள் போனதுதான் கவலை. அன்று மாலை பட்டியல் போட்டுப் பார்த்தோம். இதே மாதிரி மூன்று சந்தேகம் வரக்கூடிய இடங்கள் இன்னும் பதினான்கு இருந்தன. அடுத்த நாளே 2.2-க்குத் திரும்பினோம்.

திரும்பிய முதல் நாளிலேயே கோடு வந்தது. பிறகு ஆண்ட்ராய்டில் பார்த்தபோது ஒரு போனில் மட்டும் நூல் மாதிரி மெலிந்து வந்தது. இந்த முறை யோசிக்கவே தேவைப்படவில்லை. அதே நிரலை ஐபோனில் ஓட்டினால் கோடு தடிமனாக வருகிறது என்றால் குறை அந்தச் சிப்பின் பக்கம்தான் இருக்க வேண்டும். கோட்டுக்குப் பதில் நீளமான செவ்வகம் வரைந்து அரை மணி நேரத்தில் முடித்தோம்.

இந்த ஒப்பீட்டில் முடிவைத் தீர்மானிப்பது இதுதான் என்று நினைக்கிறேன். போர்ட் செய்யும்போது நம்மிடம் இருக்கிற பெரிய சொத்து, ஏற்கெனவே சரியாக ஓடுகிற மூல ஆட்டம். பிசகு வரும்போதெல்லாம் அதைப் பக்கத்தில் வைத்து அளக்கலாம். மேடையும் (ஐபோனா ஆண்ட்ராய்டா என்பதும்) எஞ்சினும் ஒரே நேரத்தில் மாறினால் அந்த அளவுகோல் உதவாது. ஐபோனில் வேறு மாதிரி தெரிகிறது என்பது மட்டும்தான் தெரியும், எதனால் என்பது தெரியாது. பழைய வெர்ஷனில் தங்கினால் அதையே இன்னும் கூராக்கலாம். நாங்கள் சி பிளஸ் பிளஸ் கோடை முதலில் ஐபோனிலேயே ஓட்டினோம். கோகோஸ்2டி-எக்ஸ் அங்கும் ஓடும் அல்லவா? ஒரே மாதிரி இரண்டு போன்கள், ஒன்றில் ஆப்ஜெக்டிவ்-சி, இன்னொன்றில் சி பிளஸ் பிளஸ். இரண்டிலும் ஒரே புதிரை ஒரே வேகத்தில் ஆடினோம். வித்தியாசம் தெரிந்தால் அது எங்கள் மொழிமாற்றத்தின் தவறு. அது தீர்ந்த பிறகுதான் ஆண்ட்ராய்டுக்கே போனோம். அங்கே வந்த வித்தியாசம் எல்லாம் ஆண்ட்ராய்டுடையது.

அப்படி வந்தவையும் கொஞ்சமில்லை. ஐபோனுக்காகச் செய்த பிவிஆர் வடிவ டெக்ஸ்சர்கள் (சுருக்கிய படக் கோப்புகள்) பவர்விஆர் சிப் இல்லாத போன்களில் திறக்கவில்லை. மாற்றாக எல்லாரும் சொன்ன ஈடிசி1 என்ற படச் சுருக்க முறையில் ஒளிபுகும் தன்மை கிடையாது, ஆகவே பிஎன்ஜிக்கே திரும்பினோம். இன்னொன்று கொஞ்சம் வினோதமானது. ஆட்டத்தின் நடுவே அழைப்பு வந்து, பேசிவிட்டுத் திரும்பினால், பூட்டியிருந்த கட்டங்களின் படங்கள் மட்டும் கறுப்பாகிவிட்டன. ஆண்ட்ராய்டில் ஆப் பின்னால் போகும்போது ஓப்பன்ஜிஎல் சூழலே அழிந்துவிடலாம். எஞ்சின் படங்களையும் தன் சொந்த ஷேடர்களையும் (கிராஃபிக்ஸ் சிப்பில் ஓடி நிறத்தை முடிவுசெய்யும் சிறு நிரல்களையும்) மீண்டும் ஏற்றிக்கொள்கிறது. படத்தைச் சாம்பல் நிறமாக்க நாங்கள் எழுதிய ஷேடரை நாங்கள்தான் ஏற்ற வேண்டும். எஞ்சின் மாறாமல் இருந்ததால் இதை ஒரு மதியத்தில் பிடித்தோம். 3-இல் இருந்திருந்தால் முதலில் அதன் புதிய வரைமுறையைத்தான் சந்தேகித்திருப்போம்.

இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. அதை நாங்கள் தாமதமாகக் கட்டினோம். போர்ட் முடிந்து ஆட்டம் ஓடத் தொடங்கியதும் அடுத்த வேலை வந்துவிட்டது. ஏற்ற வேண்டிய வெர்ஷன் ஏறவே இல்லை. 2019 ஆகஸ்ட் 1 முதல் 64-பிட் இல்லாத புதிய பதிப்புகளைப் பிளே ஸ்டோர் ஏற்காது என்றதும்தான் கோப்பைத் தூசி தட்டினோம். அதற்குள், சி பிளஸ் பிளஸ் கோடை ஆண்ட்ராய்டுக்குப் பில்ட் செய்யும் கருவித்தொகுப்பான என்டிகேயின் 17-ஆம் வெளியீட்டில் பழைய ஆர்ம்இஏபிஐ சிப் வகைக்கான ஆதரவு போயிருந்தது, 18-இல் ஜிசிசி கம்பைலரும் ஜிஎன்யூஎஸ்டிஎல் நூலகமும் போயிருந்தன. 2.2 இவை எல்லாவற்றையும் நம்பித்தான் நின்றது. நேராக 3.17-க்குத் தாவினோம். எஞ்சின் மாற்றமும் பில்ட் கருவிகளின் மாற்றமும் ஒன்றாக வந்து விழுந்தன. எதைத் தவிர்க்க 2014-இல் திரும்பினோமோ அதே நிலைமை. ஆண்ட்ராய்டில் சரியாக ஓடுகிற பழைய பதிப்பு ஒன்று கையில் இருந்ததால் சமாளிக்க முடிந்தது. ஆகவே இந்த வழியை எடுப்பவர்கள், போர்ட் வெளியான ஓரிரு மாதத்துக்குள் வெர்ஷனை ஏற்றிவிடுங்கள். கோட் மனதில் சூடாக இருக்கும்போதே செய்தால் பாதி வேலைதான்.

ஏற்றிய பிறகு 3 பிடித்துப்போனது என்பதையும் சொல்ல வேண்டும். 2.2-இல் மெனுவின் தொடுகை முன்னுரிமை மைனஸ் 128. அதன் மேல் ஒரு பாப்-அப் திறந்தால் தொடுகை கீழே கசியாமல் இருக்க, பாப்-அப்புக்கு மைனஸ் 129 கொடுத்து, உள்ளே இருக்கிற பொத்தான்களுக்கு அதைவிடக் குறைவாகக் கொடுத்து, எண்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தோம். 3-இல் திரையில் மேலே இருப்பதற்கே முதலில் தொடுகை போகிறது. விழுங்கிக்கொள் என்று ஒரு வரி சொன்னால் போதும். அந்த எண்கள் அத்தனையையும் ஒரே நாளில் அழித்தோம்.

எப்போது மாற்றிச் செய்யலாம்? பழைய வெர்ஷனில் மூல ஆட்டத்தைப் போலவே கோட் எழுத முடியாத நிலை என்றால் என் வாதம் பாதி போய்விடும். பழையதைக் கம்பைல் செய்யவே முடியவில்லை என்றால் முழுதும் போய்விடும். அப்போது மூல மேடையிலேயே வெர்ஷனை ஏற்றி, அங்கே ஓடவைத்து, அதன் பிறகு போர்ட் செய்யலாம். அப்போதும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். 2023 மார்ச்சில் கோடோ என்ற இன்னொரு ஆட்ட எஞ்சினின் 4-ஆம் வெர்ஷன் வந்தபோது இதே கேள்வியை நிறையப் பேர் கேட்டார்கள். அங்கும் யீல்டு போய் அவெய்ட் வந்தது, கைனமேட்டிக்பாடி போய் கேரக்டர்பாடி வந்தது. பழைய சிப்புகளுக்கான ஜிஎல்இஎஸ்2 வரைமுறை போனதால் மிகப் பழைய போன்களும் கைவிட்டுப் போயின. ஒரு சின்ன ஆட்டத்தை மட்டும் 3-இலிருந்து 4-க்குக் கொண்டுபோயிருக்கிறேன், இதே வரிசையில், சிக்கல் வரவில்லை. 3டி ஆட்டத்தையோ, பத்துப் பேர் சேர்ந்து எழுதிய கோடையோ நான் போர்ட் செய்ததில்லை. அங்கே கணக்கு வேறாக இருக்கலாம்.

தொடங்கும் முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். பழைய வெர்ஷனின் வெற்று ப்ராஜெக்டை இன்றைய கருவிகளில் பில்ட் செய்து, நீங்கள் போகப்போகிற மேடையின் உண்மையான போன் ஒன்றில் ஓட்டிப் பாருங்கள். திரையில் ஒரு ஸ்ப்ரைட் வந்து நின்றால், அதிலேயே போர்ட்டைத் தொடங்குங்கள்.