மோட்டார் ரூமுக்கு எது சரி: ஃப்ளோட்டா, ஆப்பா, பி.எல்.சி. பேனலா?

எங்கள் அடுக்ககம் சென்னையில், மூன்று பிளாக், 54 வீடு. மெட்ரோ தண்ணீருக்கு ஒரு சம்ப், போர் தண்ணீருக்கு ஒரு சம்ப், மூன்று மொட்டைமாடியிலும் தொட்டிகள், மொத்தம் நான்கு மோட்டார். இத்தனையும் பல வருஷமாக ஓடியது வாட்ச்மேனின் ஞாபகத்தை நம்பித்தான். 2019 கோடையில் ஏரிகள் வற்றி ஊரே லாரிக்குக் காத்திருந்தபோதுகூட, எங்கள் பி பிளாக் மொட்டைமாடியில் தொட்டி நிரம்பி வழிந்ததைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். 2022-இல் சம்ப் காலியானது தெரியாமல் ஒரு மோட்டார் வெறுமனே ஓடிக் காயில் எரிந்தது. ரீவைண்டிங் முடிந்து வர ஐந்து நாள். சி பிளாக்கில் எழுபது வயதைத் தாண்டியவர்கள் குடத்தோடு படியேறினார்கள். இனி மோட்டாரை ஆள் பார்த்துப் போட வேண்டாம் என்று அந்த வாரமே கூட்டத்தில் முடிவானது.

அப்போது சங்கச் செயலாளராக இருந்ததால் மூன்று வழிகளையும் அலசும் வேலை எனக்கு வந்தது. கடைசியில் பி.எல்.சி. என்ற சின்னக் கணினி மோட்டார்களைத் தானாக ஓட்டும் பேனல் போட்டோம். என் சாய்வு அந்தப் பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் மட்டத்தோடு மிதந்து ஏறி இறங்கி மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாரிமுனையில் எந்த எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும், சில ஆயிரத்தில் முடிந்துவிடும், எல்லா எலெக்ட்ரீஷியனுக்கும் தெரியும். கம்பி சென்சார் வைத்த ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலரும் ஏறக்குறைய இதே ரகம். ஏ பிளாக்கில் அதை ஏற்கெனவே போட்டுப் பார்த்திருந்தோம். நான்காவது மாதம் தொட்டி வழிய ஆரம்பித்தது. கம்பிகளை வெளியே எடுத்தால் ஒவ்வொன்றும் சாக்பீஸ் மாதிரி வெள்ளையாக இருந்தது, அத்தனையும் போர் தண்ணீரின் உப்பு. கத்தியால் சுரண்டினேன், முட்டை ஓடு போலப் பொரிந்து விழுந்தது. கம்பி வழியாகத் தண்ணீருக்குள் மின்சாரம் பாய்ந்தால்தான் தொட்டி நிறைந்தது கன்ட்ரோலருக்குத் தெரியும். உப்பு மூடிவிட்டால் தொட்டி காலி என்று நினைத்து மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருக்கும்.

அடுத்தது ஆப். தொட்டியில் ஒரு சின்னக் கருவி, மோட்டார் ரூமில் ஒன்று, இரண்டும் வைஃபையில் இணையம் வழியாகப் பேசிக்கொள்ளும். ஐந்து மாடிக்கு ஒயர் இழுக்க வேண்டாம். தொட்டியில் எத்தனை சதவீதம் தண்ணீர் என்று போனிலேயே தெரியும், ஒரு நாளில் எவ்வளவு செலவானது என்ற கணக்கும் வரும். விலையும் பி.எல்.சி.யைவிட வெகு குறைவு. டெமோ பார்த்த அன்று எனக்கும் மனசு அதில்தான் போனது.

மனசை மாற்றியது, அதைப் போட்டுவிட்ட பக்கத்து அடுக்ககம். அங்கே செயலாளர் வருஷத்துக்கு ஒருவர் மாறுவார். ஆப் கணக்கு முதல் செயலாளரின் கைபேசி எண்ணில் இருந்தது. அவர் வீட்டை விற்றுவிட்டு வேறு ஊர் போய்விட்டார். மோட்டார் நேரத்தை மாற்ற வேண்டுமென்றால் அவருக்குப் போன் போட்டு ஓ.டி.பி. கேட்க வேண்டும். மிக்ஜாம் புயலின்போது, 2023 டிசம்பரில், நகரின் பல பகுதிகளில் கரண்டும் இல்லை, கைபேசி சிக்னலும் இல்லை. ஜெனரேட்டர் போட்டு மோட்டார் ரூமுக்குக் கரண்ட் கொடுத்தும், தொட்டிக் கருவியின் தகவல் வராததால் அவர்கள் மோட்டார் எடுக்கவில்லை. எலெக்ட்ரீஷியன் அதைக் கழற்றி நேரடியாகக் கொடுத்த பிறகுதான் தண்ணீர் ஏறியது.

எல்லா வயர்லெஸ் கருவியும் இப்படி இல்லை. இணையத்தின் பக்கமே போகாமல், உரிமம் தேவைப்படாத 865-867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் தொட்டிக் கருவியும் மோட்டார் கருவியும் நேரடியாகப் பேசிக்கொள்கிற வகையும் உண்டு. ஒயர் இழுக்க வழியே இல்லாத பழைய கட்டடம் என்றால் அதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

இப்போது பி.எல்.சி. பேனல். தொழிற்சாலை இயந்திரங்களை ஓட்டும் அதே சின்னக் கணினிதான். நாங்கள் போட்டது ஒரு சிறிய பி.எல்.சி., அதற்குக் கரண்ட் கொடுக்கும் 24 வோல்ட் எஸ்.எம்.பி.எஸ்., மோட்டாரைப் போட்டு நிறுத்தும் பெரிய சுவிட்சான கான்டாக்டர் நான்கு, ஒவ்வொரு மோட்டாருக்கும் அளவுக்கு மீறி மின்சாரம் இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோட் ரிலே, மூன்று ஃபேஸில் ஒன்று போனால் நிறுத்தும் சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர். தொட்டிக்குள் ஃப்ளோட்டுக்குப் பதிலாகத் தண்ணீரின் அழுத்தத்தை அளக்கும் சென்சார். செலவு லட்சத்தைத் தாண்டியது. வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்தபோது கூட்டத்தில் சத்தம் வந்தது, நியாயமான சத்தம்தான்.

அந்தப் பணம் எதற்கு என்றால், பழுது வரும் நாளுக்கு. மற்றதெல்லாம் மூன்று வழியிலும் கூடக்குறைய ஒன்றுதான். எதைப் போட்டாலும் ஒரு நாள் நிற்கும். நின்றால் அது தானாகச் சொல்கிறதா, அன்றைக்கே நம் தெரு எலெக்ட்ரீஷியனால் சரிசெய்ய முடிகிறதா என்பதைத்தான் நான் பார்த்தேன்.

அழுத்த சென்சார் 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை மின்னோட்டம் அனுப்பும். எங்களுடையது 4 மீட்டர் வரை அளக்கும் ரகம். தண்ணீரே இல்லையென்றால் 4, இரண்டு மீட்டர் தண்ணீர் நின்றால் 12. ஒயர் அறுந்தால் பூஜ்ஜியம். தொட்டி காலி என்பதும் ஒயர் அறுந்தது என்பதும் வேறு வேறு எண்ணாக வருவதால், பி.எல்.சி. மோட்டாரைக் கண்மூடித்தனமாக ஓட்டாமல் நிறுத்திவிட்டுச் சிவப்பு விளக்கைப் போடும். ஃப்ளோட் ஒயர் அறுந்தால், இணைப்பைப் பொறுத்து ஒன்று தொட்டி வழியும், இல்லையென்றால் தண்ணீர் வராது. எங்கே கோளாறு என்று தெரியாமல் மாடிக்கும் கீழுக்கும் நடக்க வேண்டியதுதான். எங்கள் எலெக்ட்ரீஷியன் ஒரு மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “12 காட்டுது சார், பாதி டேங்க்” என்று கீழே நின்றே சொல்கிறார்.

பேனல் கதவில் ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு ஆட்டோ, மேனுவல் சுவிட்ச் உண்டு. பி.எல்.சி. செத்தே போனாலும் மேனுவலில் போட்டுப் பொத்தானை அழுத்தினால் மோட்டார் ஓடும். அப்போதும் ஓவர்லோடும் சிங்கிள் ஃபேஸ் பாதுகாப்பும் வேலை செய்யும், ஏனென்றால் அவை பி.எல்.சி.யை நம்பாமல் நேராக ஒயரிங்கிலேயே இருக்கின்றன. போன வருஷம் எஸ்.எம்.பி.எஸ். போனது. வாட்ச்மேன் சுவிட்சைத் திருப்பிக் காலைத் தண்ணீரை ஏற்றிவிட்டார், மதியத்துக்குள் ரிச்சி தெருவிலிருந்து புதியது வந்து மாட்டியாயிற்று. பெரும்பாலான வீடுகளுக்கு விஷயமே தெரியாது.

இதே பேனல் உங்கள் கழுத்தைப் பிடிக்கவும் வாய்ப்பு உண்டு. புரோகிராமுக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவிட்டு, சின்ன மாற்றத்துக்கும் தங்களையே கூப்பிட வைப்பவர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு முதலில் வந்த கொட்டேஷனில் புரோகிராம் ஃபைல் தரமாட்டோம் என்றே சொன்னார்கள். அதனால் ஒர்க் ஆர்டரிலேயே எழுதினோம்: பி.எல்.சி.க்குள் ஓடும் லேடர் புரோகிராமின் மூல ஃபைலும் கடவுச்சொல்லும் சங்கத்திடம் இருக்க வேண்டும், ஒயரிங் படம் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்க வேண்டும், ஒவ்வொரு ஒயரிலும் படத்தில் உள்ள அதே எண் போட்ட ஃபெருல் என்ற சின்ன வளையம் இருக்க வேண்டும். மோட்பஸ் போர்ட் உள்ள பி.எல்.சி.யாகவும் கேட்டு வாங்கினோம். மோட்பஸ் என்பது கருவிகள் ஒன்றோடொன்று பேச 1979-இல் வந்த மொழி, இன்றும் எனர்ஜி மீட்டர் முதல் மோட்டார் வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. வரை பெரும்பாலானவை அதைப் பேசும். நாளைக்கு வேறு கம்பெனி மீட்டரைச் சேர்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

அப்புறம் சில சின்ன வசதிகள். கரண்ட் திரும்பி வந்ததும் நான்கு மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பாமல் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். ஜெனரேட்டரில் ஒரு நேரத்தில் ஒரு மோட்டார்தான். 2015 வெள்ளத்தில் மோட்டார் ரூமில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றதால் பேனலை ஐந்தடி உயரத்தில் மாட்டினோம். ஒயர் நுழையும் ஓட்டைகளைக் கிளாண்ட் போட்டு அடைத்தது பல்லிக்காக.

குறையும் உண்டு. அழுத்த சென்சாரிலும் உப்பு படியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொட்டி கழுவும்போது அதை வினிகரில் ஊறவைத்து அலச வேண்டும், மேலே இருக்கும் மெல்லிய தகட்டைச் சுரண்டவே கூடாது. மொட்டைமாடியிலிருந்து வரும் நீண்ட ஒயர் இடி மின்னலுக்கு வழி. முதல் மழைக்காலத்திலேயே பி.எல்.சி.யில் சென்சார் ஒயர் சேரும் ஒரு அனலாக் இன்புட் போனது, அதன் பிறகுதான் திடீர் மின் எழுச்சியைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் போட்டோம். இதுவரை வேறொன்றும் ஆகவில்லை, ஆனால் இரண்டு மூன்று மழையை வைத்துப் பத்து வருஷத்துக்கு உத்தரவாதம் சொல்ல மாட்டேன். அந்தப் பி.எல்.சி. மாடல் அதுவரை சந்தையில் கிடைக்குமா என்ற கவலையும் எனக்கு இருக்கிறது. ஃபைல் கையில் இருந்தால் வேறு மாடலுக்கு எழுதிக்கொள்ளலாம் என்பதுதான் இப்போதைக்கு ஆறுதல்.

ஒரே பிளாக், எட்டுப் பத்து வீடு, ஒரு மோட்டார் என்றால் இவ்வளவு செலவு வேண்டாம். நல்ல ஃப்ளோட் இரண்டு, தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்திவிடும் டிரை ரன் பாதுகாப்புள்ள ஸ்டார்ட்டர் ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையால் தூக்கிப் பார்த்துச் சோதனை. மூன்று நான்கு மோட்டாரும் இரண்டு சம்ப்பும் இருந்தால் பி.எல்.சி. போடுங்கள், ஆனால் ஃபைல் வாங்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். இந்த ஏப்ரலில் பொறுப்பை ஒப்படைத்தபோது புதுச் செயலாளர் கையில் முதலில் கொடுத்தது புரோகிராம் ஃபைல் உள்ள பென் டிரைவையும், லேமினேட் செய்த ஒயரிங் படத்தின் ஒரு நகலையும்தான். அவற்றின் இன்னொரு பிரதி எலெக்ட்ரீஷியன் வீட்டில் இருக்கிறது.