புழுங்கல் மில்லுக்கு வரும் பாதுகாப்புப் பரிசோதனை: கூப்பிடலாமா?

சம்மாந்துறை, அக்கரைப்பற்று, மட்டக்களப்புப் பக்கத்து அரிசி மில்களுக்கு ஒரு தனியார் நிறுவனம் இரண்டு நாள் பரிசோதனை செய்து கொடுக்கிறது. பெரிய விபத்தின் அறிகுறியை முன்னமே காட்டித் தருவதாகச் சொல்கிறார்கள். பாதி உண்மை.

முதல் நாள் முழுக்க, நெல் அவிக்க நீராவி தரும் பொயிலர்தான். தகட்டின் தடிப்பை அளக்கிறார்கள், சேப்டி வால்வைத் தூக்கிப் பார்க்கிறார்கள். உள்ளே தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் கேஜ் கண்ணாடியின் வடிகுழாயைத் திறந்து மூடி, தண்ணீர் சட்டென்று ஏறுகிறதா என்று கவனிக்கிறார்கள். மெல்ல ஏறினால் வழி அடைபட்டிருக்கிறது, அந்தக் கண்ணாடியை நம்பக் கூடாது. வேலை சுத்தம். ஆனால் இதெல்லாம் சட்டப்படி எப்படியும் நடக்க வேண்டிய சோதனைதான்.

காசுக்குப் பெறுமதி இரண்டாம் நாளில். பொயிலரில் தண்ணீர் குறைந்தால் அடுப்புக்குக் காற்று ஊதும் காற்றாடியை நிறுத்தும் சுவிட்ச் வேலை செய்யாதபடி அதன் இரண்டு வயரும் ஒன்றாக முறுக்கிக் கிடந்தால், குறை என்று எழுதிவிட்டுப் போவதில்லை. யார் முறுக்கியது, எத்தனை நாளாக, யாருக்குத் தெரியும் என்று விசாரிக்கிறார்கள். காரணம் பெரும்பாலும் இதுதான்: அந்தச் சுவிட்சை இயக்கும் மிதவை அறையில் சேறு சேர்ந்து சும்மா சும்மா மில் நின்றிருக்கும், வெளியே நெல் லொறி வரிசை, கழற்றிக் கழுவ அரை நாள் கிடைத்திருக்காது.

இவ்வளவு கேட்டும் அறிக்கையின் முதற்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘காயமின்றிக் கழிந்த நாட்கள்’ என்று போடுகிறார்கள். புள்ளியில் பெரும்பங்கும் அதற்கே. விரல் நசுங்கிய கணக்கை வைத்துப் பொயிலர் வெடிப்பதைச் சொல்ல முடியாது. 2005 மார்ச் 23இல் டெக்சாஸ் சிட்டி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வெடித்து 15 பேர் இறந்தார்கள். அங்கே காயக் கணக்கு நன்றாகத்தான் இருந்தது. எண்ணெயைப் பிரிக்கும் கோபுரத்தின் மட்டக்காட்டி பிழையாகக் காட்டியது, இரண்டாவது உயர்மட்ட எச்சரிக்கை மணி அடிக்கவில்லை, வேலையாட்கள் 12 மணிநேர ஷிப்டில் 29 நாளோ அதற்கு மேலோ ஓய்வுநாள் இல்லாமல் நின்றார்கள். திகதி கடந்த பழுதுபார்ப்புகள் எத்தனை, துண்டித்த பாதுகாப்புச் சாதனங்கள் எத்தனை நாளாக அப்படிக் கிடக்கின்றன: முதற்பக்கத்தில் வரவேண்டிய எண்கள் இவைதான். கேட்டு வாங்குங்கள், தருவார்கள்.

ஐஸ் தொழிற்சாலைக்கும் இதே படிவம்தான். குளிரூட்டும் அமோனியாத் தொகுதியில் எண்ணெய் வடிக்கும் ஆபத்தான வேலையைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை, ஆகவே அவர்களுக்கு வேண்டாம்.

கூப்பிடுவதானால் மாசியில், அறுவடை நெருக்கடியில் கூப்பிடுங்கள். ஐப்பசியில் ஆறிக் கிடக்கும் பொயிலர் நல்ல பிள்ளை. விசாரணை நேரம் முதலாளி வெளியே போய்விட வேண்டும். பக்கத்தில் கதிரை போட்டு இருந்தால் எல்லாருடைய பதிலும் “ஓம் சேர், எல்லாம் சரி”தான்.

போகும்போது சுவரில் ஒரு தாள் ஒட்டுகிறார்கள். கண்ணாடியில் தண்ணீர் தெரியாவிட்டால் பம்பைப் போடாதே, சூடேறிய இரும்பில் தண்ணீர் பட்டால் வெடிக்கலாம். உமியையும் காற்றையும் நிறுத்து, அடுப்புத் தட்டில் கிடக்கும் உமி பிறகும் எரியும், தள்ளி நில். நல்ல தாள். முதலாளியைக் கேட்காமலே நிறுத்தலாம் என்ற வரி மட்டும் அதில் இல்லை. அதை முதலாளியே கீழே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.