கொடைக்கானலில் குடும்பப் படம்: கோக்கர்ஸ் வாக்கா, பைன் காடா?

இரண்டு இடத்திலும் எடுத்துப் பார்த்திருக்கிறேன். இயல்பான படம் வேண்டும் என்றால் பைன் காடுதான் என் தேர்வு.

கோக்கர்ஸ் வாக் மலைச்சரிவின் ஓரமாகச் சுமார் 1 கிலோமீட்டர் போகும் நடைபாதை. மேகம் ஏறுவதற்குள் காலையிலேயே போனால் கீழே சமவெளி வரை தெரியும். ஆனால் பின்னால் வானம் பளிச்சென்று இருப்பதால் முகங்கள் கறுத்துவிடும். முகத்துக்காக வெளிச்சத்தைக் கூட்டினால் வானம் வெளுத்துப்போகும். போதாததற்கு, கைப்பிடியைப் பார்த்ததும் எல்லோரும் வரிசையாக நின்று விறைத்துக்கொள்கிறார்கள்.

பைன் காட்டில் அந்த விறைப்பு தானாகவே போய்விடும். குழந்தைகள் உள்ளே நுழைந்ததும் பைன் காய் பொறுக்க ஆரம்பித்துவிடுவார்கள். "பாட்டிகிட்ட கொண்டுபோய்க் குடு கண்ணு" என்று சொல்லிவிட்டு நான் பத்தடி தள்ளி நின்றுகொள்வேன். பாட்டி குனிந்து வாங்கும்போது அவர் முகத்தில் வருகிற சிரிப்பை "சிரிங்க" என்று சொல்லி வரவழைக்க முடியாது.

மூட்டம் வந்தாலும் இங்கே கவலையில்லை, வெளிச்சம் எல்லா முகத்திலும் ஒரே சீராக விழும். ஆனால் அளவு குறைவு. ஓடும் குழந்தை கலங்காமலிருக்க ஷட்டர் வேகத்தை 1/250 நொடியைவிட மெதுவாக்காமல், ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை) 800, 1600 என்று ஏற்றிக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் மட்டும் வேண்டாம், முகத்தில் திட்டுத்திட்டாக வெயில் விழும். அப்புறம், வேர்கள் தரைக்கு மேலே கிடக்கும்; பெரியவர்களைக் கைப்பிடித்து அழைத்துப் போங்கள். அப்படிப் போகும்போதே ஒரு படம் எடுத்துவிடலாம்.